மல்லிகாவின் மீசை

மகனின் சான்றிதழ்களை நகலெடுக்க நேற்று மலாக்காவின் செங் வட்டாரத்தில் ஒரு போட்டோஸ்டேட் கடைக்குப் போயிருந்தேன். இயந்திரத்திலிருந்து வந்த தாள்களைக் கடைக்காரப் பெண் சூடாகவே என் கையில் வைத்தாள். வாங்கியதும் மோந்து பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். சூடான தாளைக் கண்டால் மூக்கருகே கொண்டுபோகும் இந்தப் பழக்கம் கல்லூரியில் பத்திரிகை போட்ட நாளில் வந்தது. இனிமேல் போகாது.

பத்திரிகையின் பெயர் 'இடிமுழக்கம்'. பக்கம் நாலே நாலு. மலாக்கா டவுனில் படித்த தமிழ் மாணவர்கள் நாங்கள் ஆளுக்கொன்று எழுதிக் கொடுப்போம். முழுவதையும் ஆசிரியர் குணசேகரன் தன் மணிமணியான கையெழுத்தில் எழுதி போட்டோஸ்டேட் எடுப்பான். முழக்கமெல்லாம் பெயரில்தான். உள்ளே கேண்டீன் கறியில் உப்பு அதிகம், விடுதிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, இவ்வளவுதான் செய்தி. ஆனாலும் வார இறுதியில் பஸ் ஏறுகிறவர்கள் பையில் இரண்டு பிரதி கொண்டுபோவார்கள். அப்படியே அது தோட்டம் தோட்டமாகப் போய், முடிவெட்டும் கடை பெஞ்சு வரைக்கும் எட்டிவிடும்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மகளிர் பக்கம் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பத்திரிகையே வேண்டாம். நல்ல எண்ணம்தான். எழுதத்தான் மகளிர் கிடைக்கவில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதக் கை பரபரக்கும். ஆனால் மெர்லிமாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த என் அப்பாவின் சட்டம் வேறு.

"பொம்பளப் புள்ள பேரு கல்யாணப் பத்திரிகையில வந்தா போதும்லா. வேற எதுலயாச்சும் பாத்தேன், படிச்சது போதும்னு கூட்டிட்டு வந்துருவேன்."

சொன்னால் செய்கிறவர். அதனால் வாயையும் பேனாவையும் மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே மகளிர் பக்கத்தையும் குணாவே எழுதினான். புலாவ் செபாங்காரன். ஆள் ஒல்லி, மீசை மட்டும் நன்றாகத் தின்று கொழுத்திருக்கும். 'மல்லிகா' என்று புனைபெயர் வைத்துக்கொண்டான். ரசத்தை அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள் என்று முதல் இதழிலேயே குறிப்பு எழுதி எங்கள் மானத்தை வாங்கினான். அடுத்த இதழில் சுதாரித்துக்கொண்டு, 'மாமியாரை அம்மாவாக நினைப்பது எப்படி?' என்று ஒரு கட்டுரை. அதுதான் வினையாகப் போனது.

ஒரு சனிக்கிழமை காலை கல்லூரி வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் வாட்டசாட்டமான பையன். பின்னாலிருந்து இறங்கிய அவன் அம்மாவின் கையில் ஒரு முழம் பூவும் ஒரு சீப்பு வாழைப்பழமும். அந்தப் பக்கம் போன என்னை அந்த அம்மா பிடித்துக்கொண்டார்.

"இங்க எழுதுதே மல்லிகா, அதக் கொஞ்சம் வரச் சொல்லும்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

சும்மா பார்க்க யாராவது பூவோடு வருவார்களா? ஆள் அனுப்பிக் குணாவை வரவழைத்தேன். கைலியும் பனியனுமாக வந்து நின்றான்.

"ஆன்ட்டி, அது வந்து... மல்லிகா நான்தான்."

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். மோட்டாரில் சாய்ந்திருந்த மகன்தான் முதலில் சிரித்தான்.

"ம்மா, பொண்ணுக்கு மீசை ஜோரா இருக்குலா. ஓகே சொல்லிருவோமா?"

"சும்மா இருடா" என்று அதட்டிய அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மாமியார் அருமை தெரிஞ்ச ஒரு பொண்ணு கெடைச்சிருச்சேன்னு ஓடியாந்தேன். இந்தாப்பா, பழமாச்சும் சாப்புடு." பூ வீணாகக் கூடாதென்று என் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரே வாரத்தில் செய்தி தோட்டமெல்லாம் பரவிவிட்டது. மல்லிகா ஆம்பளையாம்! குணாவால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. இனி எழுத மாட்டேன், பத்திரிகை நின்றாலும் நிற்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மல்லிகா ஆண் என்று ஊருக்கே தெரிந்தாகிவிட்டது. இனி அந்தப் பெயரில் எவள் எழுதினாலும் எந்த அப்பாவுக்குச் சந்தேகம் வரும்?

"அந்தப் பேர எங்கிட்ட குடு குணா."

"தாராளமா எடுத்துக்க. மீசையும் வேணுமா?"

அன்றிலிருந்து மல்லிகா நான். தம்பிக்கு மோட்டார், அக்காவுக்குத் தண்ணீர் வாளியா என்று வெளுத்து வாங்கினேன். அப்பா படித்துவிட்டு, "இந்தப் பையனுக்கு வாய் ஜாஸ்திலா" என்று சிரிப்பார். நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டேன்.

பிறகு ஒருமுறை பஸ் நிறுத்தத்தைப் பற்றி எழுதினேன். வெள்ளிக்கிழமை நான் வந்து இறங்கும்போது அப்பா அங்கே மோட்டாரோடு நிற்பார். உனக்காக வந்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மோட்டாருக்கு எண்ணெய் ஊற்ற வந்தேன் என்பார், டயருக்குக் காற்றடிக்க வந்தேன் என்பார். எனக்காகத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும், அதுவே போதும் என்று எழுதினேன். பயத்தில் மோட்டாரைச் சைக்கிளாக்கி, எண்ணெய் ஊற்ற வந்ததைச் சுருட்டு வாங்க வந்ததாக மாற்றியிருந்தேன்.

அந்த இதழை அப்பா வீட்டில் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். பாதியில் குரல் நின்றுவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, "எழுதுனவனோட அப்பன் குடுத்து வச்சவன்" என்றார். அடுப்படியில் நின்றுகொண்டு நான் அழுதேன். சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்த அழுகை.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்பா நின்றிருந்தார். எண்ணெய், டயர் எதையும் சொல்லவில்லை.

"ஒன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். ஏறு" என்றார்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? நான் கேட்கவில்லை.

நாங்கள் படித்து முடித்த மறு வருடமே இடிமுழக்கம் நின்றுபோனது. அந்த பஸ்ஸும் இப்போது ஓடுவதில்லை. இன்று நான் எதை எழுதினாலும் முழுப் பெயரையும் போடுகிறார்கள், படத்தோடு. காரில் மெர்லிமாவ் போகும்போதெல்லாம் நிறுத்தத்தருகே வேகத்தைக் குறைக்கிறேன். மல்லிகா நான்தான் என்று சொல்ல எனக்கு இப்போது எந்தப் பயமும் இல்லை. கேட்க அப்பா இல்லை.