பாவு பிடித்த கைகள்

எய்ட்ஸ் என்று சொன்னாலே எங்கள் ஆரணியில் கூட்டம் கலைந்துவிடும். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நான் சுகாதாரத் தொண்டர். அடுப்பில் பால், தறியில் வேலை என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவுவார்கள்.

ஒரு காலையில் பக்கத்துத் தெருவில், தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கு நூல். ஆணும் பெண்ணுமாகப் பிடித்துக்கொண்டு சிக்கெடுத்தார்கள். எனக்குப் பொறி தட்டியது! கையை விட்டால் நூல் வீணாகும். இவர்கள் எங்கே ஓடுவார்கள்?

நடுவில் நின்று ஆரம்பித்தேன். நோய் எப்படிப் பரவும், ஆணுறை எதற்கு, எல்லாவற்றையும் சொன்னேன்.

“காலங்காத்தால பேஜாரா போச்சே” என்றார் ஒருவர். ஆனால் நூலை விடவில்லை.

அப்போது மாலா என்ற இளம்பெண் கேட்டாள்: “எங்க வீட்டுக்காரரு சேலை விக்க ஊர் ஊரா போயிகினு இருக்காருங்க. அவர டெஸ்ட் எடுக்கச் சொல்லி நான் எப்படிங்க கேக்குறது?”

அந்த வீட்டுக்காரர் பாவின் மறுமுனையில் நின்றார். தெருவே அவர் பக்கம் திரும்பியது.

“அதான் ஊருக்கே கேக்குற மாதிரி கேட்டுட்டியே” என்றார் அவர். “பாவு முடிஞ்சதும் ஜல்தியா கெளம்பு. ரெண்டு பேரும் எடுத்துகினு வந்துடலாம்.”

சிரிப்பு வெடித்தது. அதன்பிறகு கேள்விமேல் கேள்வி!

“கொசு கடிச்சா வருமாங்க?”

“வராதுங்க!”

அன்று மாலையே அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்தது. “நாளைக்கு எங்க பாவுங்க. வரீங்களா?”

ஓடவிடாமல் அவர்களைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நின்று கேட்க அவர்களுக்கும் ஒரு சாக்குதான் தேவைப்பட்டிருக்கிறது.