அளக்கச் சொருகிய கம்பி

மின்கலத்துக்கும் பொத்தானுக்கும் சில்லுக்கும் போக மிஞ்சிய மூலைதான் ஆண்டெனாவுக்கு. பந்தி முடிந்தபின் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துக்கொள் என்கிற கதைதான். ஆண்டெனா வடிவமைக்கும் ஷஹீராவும் லேசுப்பட்டவள் அல்ல. செம்புக் கோட்டை வளைத்து மடக்கி, கட்டைவிரல் அகல மின்சுற்றுப் பலகையிலேயே அச்சிட்டுவிட்டாள்.

முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் அது. அழுத்தினால் வீட்டு வைஃபை வழியாகப் பிள்ளைகளின் போன் அலறும். பாயான் பாருவிலுள்ள கம்பெனி ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது சிக்னல் அமோகம். வரும் திங்கட்கிழமை தயாரிப்பு ஆரம்பம் என்று மேலாளர் சுகுமாரன் கேக் வெட்டினார். ஷஹீரா மாதிரிப் பொத்தான் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தா மீரா சாகிப்பின் கழுத்தில் மாட்டினாள். வைஃபை பெட்டி இருக்கும் வீட்டுக் கூடத்தில் அழுத்தினார்; போன் அலறியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிவாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் மகள் செய்தது என்று காட்டினார்.

சனிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது அத்தா குளியலறைத் தரையில் கிடந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போனவர். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவள் போன் அன்று ஒருமுறைகூட அலறவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். அளவுக் கருவியிலிருந்து பலகையில் அளக்கச் சொருகிய கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையைத் தன் மின்கலத்திலேயே ஓடவிட்டாள். சிக்னல் பொத்தென்று விழுந்தது. பாவி, இத்தனை நாளும் அந்தக் கம்பியல்லவா ஆண்டெனாவாக வேலை பார்த்திருக்கிறது! நடைவண்டியைப் பிடித்து நின்ற குழந்தையைப் பார்த்து நடந்துவிட்டது என்று ஊரைக் கூட்டியிருக்கிறாள். கம்பி இல்லாத பொத்தான் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்யும். இரண்டு சுவர் தாண்டாது. படித்த படிப்பெல்லாம் எங்கே போனது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சுகுமாரனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். வாடிக்கையாளரிடம் தேதி கொடுத்தாகிவிட்டது என்றார் அவர். "முதல்ல போகட்டும் லா. அடுத்த பேட்ச்ல சரி பண்ணிக்கலாம்." அவளுக்கு வேலையும் முக்கியம். போனை வைத்துவிட்டு அத்தா இருந்த மருத்துவமனைக்குப் போனாள்.

பொத்தான் இன்னும் அத்தாவின் கழுத்தில் கிடந்தது. ஊசி போட வந்த மிஸ்ஸி கழற்றச் சொல்லியும் அவர் விடவில்லையாம். ஷஹீரா அதைக் கழற்றினாள்.

"விழுந்தப்ப அழுத்துனீங்களாத்தா?"

"அழுத்துனேன்மா, கை ஓயுற வரைக்கும்."

"அது வேலை செய்யலத்தா."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ செஞ்சதாச்சே, அதுல என்ன கொற? உனக்குத்தான் வேலை மும்முரம்னு நெனச்சேன்."

ஷஹீரா அவர் கட்டிலருகிலேயே நின்று சுகுமாரனை மறுபடி அழைத்தாள். தயாரிப்பை நிறுத்தச் சொன்னாள்.