அக்காவின் வளையலும் என் மோட்டார் சர்டிபிகேட்டும்

கல்கத்தாவில் அந்த நாளில் எங்கள் ஆட்களுக்கு இரண்டே தொழில்தான் தெரியும். ஒன்று, டைப் அடிப்பது. மற்றது, அடிக்கிறவன் ஒழுங்காக அடிக்கிறானா என்று மேற்பார்வை பார்ப்பது. மதராஜி என்றால் டைப்ரைட்டரோடு பிறந்தவன் என்று வங்காளிகள் நினைத்தார்கள். நாங்களும் அதை மறுத்துச் சொன்னதில்லை, சோறு கிடைத்துக்கொண்டிருந்தது. பவானிபூரில் அக்கா வீட்டில் நான் தண்டமாகத் தின்றுகொண்டிருந்தபோது அத்திம்பேர் என்னையும் அந்த மெஷின் முன்னால் உட்கார்த்திவிடத்தான் பார்த்தார். எனக்கோ மோட்டார் பைத்தியம். சௌரங்கியில் எந்தத் துரையின் கார் நின்றுபோனாலும் டிராமிலிருந்து குதித்து ஓடி வேடிக்கை பார்ப்பேன். துரைகள் வாயில் வந்தபடி திட்டுவார்கள். அதிலும் எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் விருத்தியாயிற்று.

இரண்டு தெரு தள்ளி ஒரு பாபு, பழைய குதிரை லாயத்தை வாடகைக்குப் பிடித்து மோட்டார் ரிப்பேர் பள்ளிக்கூடம் என்று போர்டு மாட்டினார். ஆறு மாதப் படிப்பு, முடிவில் சிங்க முத்திரை போட்ட சர்டிபிகேட், கட்டணம் நூற்றிருபது ரூபாய். தேறியவனுக்கு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் மாதம் அறுபது நிச்சயம் என்றார். இதை நான் வீட்டில் சொன்னதும் அத்திம்பேர் சிரித்தார். வெள்ளைக்காரன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் அவர். நஷ்டக் கணக்கைக் கண்டால்தான் அவருக்குச் சிரிப்பு வரும்.

அக்காதான் கையிலிருந்த தங்க வளையல்களைக் கழற்றினாள். கல்யாணத்தில் அவள் மாமியார் தன் கையாலேயே பூட்டிய வளையல்கள். அந்த அம்மாள் நவராத்திரிக்குக் கும்பகோணத்திலிருந்து வருவதாக இருந்தது. அதற்குள் மீட்காவிட்டால் அக்காவின் கதி என்ன என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

நகை கழன்ற பிறகு அத்திம்பேர் ஆபீஸ் கவர் ஒன்றைத் திருப்பிப்போட்டுக் கணக்குப் பார்த்தார். கட்டணம், அடகுக் கடை வட்டி, டிராம் சார்ஜ், கறை போக்கும் சோப்பு வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. ஆனால் பரீட்சை தேறினால் அடுத்த முதல் தேதியிலிருந்து சம்பளம் ஏறும் என்பது அவர் ஆபீஸ் சட்டம். அதை மனுஷன் மோட்டாருக்கும் போட்டுவிட்டார். அந்தக் கணக்குப்படி ஆவணி பிறப்பதற்குள் கடன் தீர்ந்து, எனக்கு ஒரு சில்க் கோட்டும் மிஞ்சியது.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கார். அது ஓடி நான் பார்க்கவில்லை. காலையில் அதை முற்றத்துக்குத் தள்ளுவோம், சாயங்காலம் லாயத்துக்குத் தள்ளுவோம். தள்ளுவதற்குத் தனி சர்டிபிகேட் இருந்தால் நான்தான் முதல் வகுப்பு. ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. இன்ஜினைப் பிரித்துச் சாக்கில் பரப்பி, மறுபடி பூட்டி, ஒரு திருகாணிகூட மிச்சம் விழாமல் முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. டைப் அடித்து எவனாவது அப்படிச் சந்தோஷப்பட்டிருப்பானா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

சிங்க முத்திரையோடு நான் போன ஒர்க்‌ஷாப்பின் முதலாளி சர்டிபிகேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

“மதராஜியா? டைப் வருமா? பில் போட ஆள் இல்லை. முப்பத்தைந்து தருகிறேன்.”

“ரிப்பேர் வேலைக்குத்தான் வந்தேன்” என்றேன்.

“அதற்குப் பதினைந்து. மிஸ்திரிக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கணும். கை படிந்தால் பிறகு ஏற்றுகிறேன்.”

அன்று சாயங்காலம் இன்னொரு கவர் திரும்பியது. “முப்பத்தஞ்சை வாங்கி அப்படியே கட்டினா, எங்கம்மா வரதுக்குள்ள வளையல் வந்துடும். பதினஞ்சுன்னா வட்டி போக உனக்குச் சோப்புதான் மிஞ்சும்” என்றார் அத்திம்பேர். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். “நாற்காலியிலே உக்காரறதுக்கு என் வளையல் எதுக்கு? அந்த வேலை ஓசியிலேயே கெடச்சிருக்குமே. நீ வண்டிக்கு அடியிலே போடா. ஏன்னா, உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்” என்று எங்கள் இருவருக்குமாகச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அத்திம்பேர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

நவராத்திரியும் வந்தது, மாமியாரும் வந்தாள். ஹவுரா ஸ்டேஷனில் இறங்கும்போதே அவள் கண் அக்காவின் கண்ணாடி வளையல்கள் மேல் விழுந்ததாம். ஆனாலும் பெரிய மனுஷி, வீட்டுக்கு வந்து குளித்துக் காபி குடிக்கும்வரை பொறுத்துக்கொண்டாள். நான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து முழங்கை வரை கறுத்துப்போய்க் கொல்லைப்பக்கம் நுழைந்தபோதுதான் கேள்வி விழுந்தது.

“நான் போட்ட வளையல் எங்கேடி?”

அத்திம்பேர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா என்னைக் காட்டினாள். “அதோ நிக்கறான் பாருங்கோ.”

மாமியார் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை நிறுத்துப் பார்த்தாள்.

“அத்தனை பவுனுமா?”

“அத்தனையும்தான்.”

“சேதாரம் ஜாஸ்தி” என்றாள் அந்த அம்மாள். அப்புறம், இந்தக் கோலத்தில் இவன் சமையலறைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு ஜபத்துக்கு உட்கார்ந்தாள். எனக்கு மானம் போயிற்று. அத்திம்பேருக்கு உயிர் வந்தது.

அக்கா கொல்லையிலேயே இலை போட்டுப் பரிமாறினாள். கையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நான் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அவள் கை இரண்டாம் தரம் வந்தது, மூன்றாம் தரமும் வந்தது. இலையைக் கையால் மறைத்துப் போதும் என்றேன்.

“என்ன போதும்? போட்ட முதல் திரும்பி வர வேண்டாமா? சாப்பிடுடா” என்றாள்.

சாப்பிட்டேன்.