மாலை போட்ட மாப்பிள்ளையைச் சேற்றில் இறக்கிவிட்டேன்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி டீச்சர். மூத்தவள் இருக்க இளையவளுக்கு முதலில் நடக்கிறதே என்று சொந்தக்காரர்களுக்கு வாய் ஓயவில்லை. பேசிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன!

பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக் கோயிலுக்கு ஏழு கட்டை, அதாவது ஏழு மைல் தூரம், முழுக்கச் செம்மண். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் ஓடி ஓடி, மழை பெய்தால் அது சாலையே இல்லை. அதில்தான் என் பழைய சின்னக் காரை ஓட்டுவேன். காலையில் கிளம்புமுன் டயரில் காற்று பார்ப்பேன். பள்ளத்துக்கு முன்னாலேயே பிரேக் போட்டு, சக்கரம் இறங்கும்போது காலை எடுத்துவிடுவேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் முன்பக்க ஸ்பிரிங் தாங்காது. தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்கிப் போய்க் குடையால் குத்தி ஆழம் பார்ப்பேன். தோட்டமே சிரிக்கும்.

அன்று மாப்பிள்ளையை அழைக்கப் பெரிய சாலைக்குப் போயிருந்தேன். உலு யாமிலிருந்து வந்தவரைப் பூ ஜோடித்த பெரிய காரில் ஏற்றினார்கள். ஓட்டியவர் அவருடைய தாய்மாமன். ஆறு பேர், போதாதற்குச் சீர்த்தட்டு, குத்துவிளக்கு எல்லாம் அதே காரில். “டீச்சர், உங்க காரு வந்து சேர்றதுக்குள்ள பந்தியே முடிஞ்சிடும் லா!” என்று சொல்லிவிட்டு மாமா பறந்தார்.

இரண்டாவது கட்டையில் அந்தக் கார் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. டயர் கிழிந்து, ஸ்பிரிங் முறிந்து போயிருந்தது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான். அதை விட்டால் அன்று தாலி கட்ட நேரமில்லை என்று பூசாரி முன்பே சொல்லியிருந்தார். மணவறையில் தங்கை காத்திருக்கிறாள். ராசியில்லாதவள் என்று அவளுக்குப் பேர் கட்டிவிடுவார்களே!

ஆறு பேரும் என் காரில் ஏற வந்தார்கள். “மாப்பிள்ளையும், நாத்தனார் முடிச்சு போட அவங்க அக்காவும் மட்டும்தான்” என்றேன்.

“நெருக்கி உட்கார்ந்தா போச்சும்மா!” என்றார் மாமா.

“இதுவும் படுத்துக்கிட்டா தாலிய யாரு மாமா கட்டுறது?”

மாமா அவர்கள் இருவரையும் ஏற்றிவிட்டு, மற்றவர்களோடு நடக்கத் தொடங்கினார்.

ஊர்ந்துதான் போனேன். ஐந்தாவது கட்டையில் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு குட்டை. குடையை விட்டுப் பார்த்தேன், முழங்கால் ஆழம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கெட்டித் தரை. எடை குறைந்தால் கார் இரண்டு விரல் மேலே எழும்பும், அடி தட்டாது. “மாப்பிள்ளை, கொஞ்சம் இறங்கி நடங்க” என்றேன்.

அவருடைய அக்கா அலறிவிட்டார். “மாலை போட்ட மாப்பிள்ளை சேத்துல கால் வைக்கிறதா? ஆகவே ஆகாது!”

“கோயில் வாசல்ல மாப்பிள்ளைக்குக் கால் கழுவி விடுறது எங்க வீட்டு முறைதானே அக்கா? இன்னிக்கு நல்லாவே கழுவி விடுறோம்!”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாகச் சேற்றில் இறங்கி நடந்தார். அக்காவும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். நான் காரைச் சாய்வாக விட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். அடியில் ஒரு கல்கூடத் தட்டவில்லை.

இருவரையும் மறுபடி ஏற்றிக்கொண்டு, பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போது கோயில் வாசலில் போய் நின்றேன். மாப்பிள்ளை காலைக் கழுவ மூன்று குடம் தண்ணீர் ஆனது. மேளம் கொட்டத் தாலி ஏறியபோது, நான் ஒரு ஓரமாக நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

மாமா முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் இலையில் பாயாசம் மட்டும் இரண்டு கரண்டி கூடவே ஊற்றினேன்.

ஊருக்கு முன்னால் ஓட எனக்குத் தெரியாதுதான். ஆனால் இன்றைக்கும் என் தங்கை கழுத்துத் தாலியைப் பார்க்கும்போதெல்லாம், அதில் ஒரு முடிச்சு நான் போட்டது என்ற திமிர் எனக்கு உண்டு.