போதகருக்கு எடுத்த ஆலாத்தி

ஹொல்ஸ்டெப்ரோவில் நாங்கள் போகிற தேவாலயத்துக்குப் புதிய போதகர் வருகிறார், அதுவும் ஒரு டெனிஷ்காரப் பெண் என்று தெரிந்ததும், பெரியப்பாவுக்கு வந்த முதல் கவலை மாலையை யார் போடுவது என்பதுதான். இதுவரை வந்த போதகர்களுக்கெல்லாம் அவர்தான் போட்டவர். ஆம்பிளை ஒருவர் பொம்பிளை கழுத்தில் மாலை போட்டால் கதை வேறாகிவிடும் என்று, கடைசியில் சின்னப் பிள்ளையான என்னிடம் அந்தப் பொறுப்பைத் தந்தார்கள். ஆலாத்தியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது எப்போதும் அம்மாவின் வேலை.

பூட்டன் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துவிட்டாலும் எங்கள் ஆட்கள் ஆலாத்தியை விடவில்லை. வாழைப்பழத் துண்டுகளில் திரி செருகித் தட்டில் ஏற்றி, இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வருகிறவருக்கு முன்னால் சுற்றுவார்கள். பழம் கனிந்திருந்தால் திரி சாய்ந்துவிடும். அம்மா கடையில் ஒவ்வொரு பழமாக அமத்திப் பார்த்து வாங்குவார், அங்கே வேலை செய்கிற பெண் முறைத்துப் பார்ப்பாள். தட்டுக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் பெரியம்மா. எந்தக் கொண்டாட்டமானாலும் அவர்கள்தான் சோடி.

அப்பா இறந்தபின் வந்த முதல் கொண்டாட்டம் இது. அன்று காலை அம்மா பெட்டியின் அடியில் கிடந்த மயில்நீலச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டார். அதுவரை முதியோர் இல்லத்து வேலை உடுப்பிலும் ஒரு சாம்பல் நிறச் சுவெட்டரிலும் மட்டுமே அவரைப் பார்த்து வந்த எனக்குப் பெரிய புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. "வடிவா இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். என்னிடம் அப்படி அவர் கேட்டதே இல்லை.

போதகர் தேவாலய மண்டபத்து வாசலில் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை காத்திருந்து மாலையைப் போட்டேன். அடித்த காற்றில் அணைந்துவிடாமல் அம்மா உள்ளங்கையால் மறைத்துத் திரிகளைப் பற்றவைத்தார். தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தார்.

பெரியம்மா மறுபக்கத்தைப் பிடிக்கவில்லை. குனிந்து தன் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார். கொசுவம் சரியாகத்தான் இருந்தது.

ஆலாத்தியோடு, புருசனை இழந்தவள் அதைத் தொடக்கூடாது என்கிற கட்டுப்பாடும் ஊரிலிருந்து சேர்ந்தே வந்திருக்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும், டென்மார்க்தானே, தேவாலயம்தானே என்று நம்பிவிட்டார், பாவம். வேண்டாம் என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் அம்மா சண்டையாவது பிடித்திருக்கலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அதில்தான்.

பேசியது அம்மாதான். புதிதாகக் கலியாணம் முடித்திருந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்தா பிள்ளை, நீ பிடி. எனக்கு அடுப்பில கறி கிடக்கு."

தட்டைக் கொடுத்துவிட்டு மண்டபத்துக் குசினிக்குள் போய்விட்டார். அந்தக் குசினியில் அன்று யாரும் அடுப்பே மூட்டவில்லை. சாப்பாடெல்லாம் பெரியம்மா வீட்டிலிருந்து சட்டி சட்டியாக வந்து இறங்கியிருந்தது. அம்மா அதை மறந்துபோனார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலாத்தி குறையில்லாமல் நடந்தது. பெரியப்பா மனப்பாடம் செய்து வைத்திருந்த டெனிஷில், எங்களுக்கு நல்ல மேய்ப்பரைத் தந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு போதகர் எழுந்தார். இவ்வளவு அன்பை எதிர்பார்க்கவில்லை என்றார். போன மாரிக் குளிரில் கணவர் தவறிவிட்டதாகவும், அதற்குப் பிறகு இன்றுதான் மனம் நிறைந்து நிற்பதாகவும் சொன்னார்.

வேகமாகப் பேசினால் பெரியம்மாவுக்கு டெனிஷ் பிடிபடாது. "என்னவாம் பிள்ளை?" என்று என் தோளைத் தட்டினார்.

"அவவின்ர மனிசன் செத்துப்போனாராம். உங்களுக்கெல்லாம் நன்றியாம்."

பெரியம்மா போதகரின் கழுத்தில் கிடந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து குசினிக்குப் போனார். கேக் அங்கேதான் இருந்தது என்பதால் நானும் பின்னால் போனேன்.

ஆலாத்தி முடிந்து வந்திருந்த தட்டை அம்மா கழுவிக்கொண்டிருந்தார். பெரியம்மா பக்கத்தில் போய்த் தட்டுக்குக் கையை நீட்டினார்.

"விடு தங்கச்சி, அதை இஞ்ச தா. நான் கழுவுறன்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "வேண்டாம் அக்கா. இதையெண்டாலும் நான் செய்யலாம்தானே?"

அன்று முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்த்துச் சபாஷ் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு கேள்வி பதில் இல்லாமல் நிற்பது பொறுக்கவில்லை.

"ஓம் அம்மா, செய்யலாம்," என்றேன், வாய் நிறையக் கேக்கோடு.

சரியான பதில்தானே சொன்னேன். அதற்குப் போய் பெரியம்மா ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.