ரெண்டு இட்லிதாம்மா

மார்கழியிலும் விடாமல் விடியுமுன் எழுந்து நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொன்னவர் யாரோ, கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். மப்ளரைச் சுற்றிக்கொண்டு தெருமுனைக்கு வந்தால் எதிரே இருக்கும் மலை தெரியாது; அவ்வளவு பனி. அங்கே இரண்டு பேர் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவன் தாடிக்கொம்பிலிருந்து பைக்கில் வரும் ரிட்டையர்டு கண்டக்டர். இன்னொருவன் தோல் வியாபாரி. ஆறாம் வகுப்பில் மூவரும் ஒரே பெஞ்ச். மலையைச் சுற்றிக் கொஞ்ச தூரம் நடப்போம். நடை பேருக்குத்தான். எங்கள் குறியெல்லாம் அதற்குப் பிறகு போகிற ஓட்டல்மேல்.

தோல் வியாபாரிக்குச் சில வருடங்களாகச் சுகர். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. இவனோ உட்கார்ந்ததும் பொங்கல் சொல்வான், கூடவே வடை, அது முடிந்ததும் பூரி. கடைசியில் சீனி தூக்கலாக ஒரு டீ. கண்டக்டர் முதலில் அதட்டிப் பார்த்தான். "வீட்ல போட்டுக் குடுத்துராதீங்கடா மாப்ள" என்று இவன் கெஞ்சியதில் அவனும் அடங்கிவிட்டான்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தோல் வியாபாரியின் மனைவியிடமிருந்து எனக்குப் போன் வரும். அவனிடம் கேட்டால் உண்மை வராது என்று தெரிந்துதான் என்னைப் பிடித்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று ஒரு நம்பிக்கை. "ரெண்டு இட்லிதாம்மா" என்பேன். எதிரே அவன் பூரியைப் பிய்த்தபடி கண்ணடிப்பான். நானும் சிரிப்பேன். நண்பனைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு.

போன வாரம் அவன் நடக்க வரவில்லை. காலில் சின்னப் புண், ஆற மாட்டேன் என்கிறது என்று போனில் சொன்னான். அன்று சாயங்காலம் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அவன் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னார். சுகர் இறங்கவே இல்லையாம். காலைச் சாப்பாட்டைத்தான் நான் பார்த்துக்கொள்கிறேனே, அப்படியென்றால் கோளாறு தன் சமையலில்தான் என்று அவராகவே முடிவு கட்டி, மூன்று மாதமாக ராத்திரிக்கு ஒரு டம்ளர் கேப்பைக் கூழ் மட்டும் கொடுத்து வந்திருக்கிறார். அதையும் குறைத்துவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

அந்த மூன்று மாதமாகத்தான் அவன் இன்னொரு செட் பூரி சொல்ல ஆரம்பித்திருந்தான். பசியில் சாப்பிட்டிருக்கிறான். நாங்கள் அவன் நாக்கைக் கேலி செய்துகொண்டிருந்தோம். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நழுவலாமா என்றுகூட நினைத்தேன், அப்படிப்பட்ட ஆள் நான். பிறகு சொல்லிவிட்டேன். பொங்கல், வடை, பூரி, டீ, தினமும் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தூங்குகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, இம்புட்டு நாளா அவுகளப் பசியோட படுக்கப் போட்டது நான்தானாண்ணே?" என்றார்.