அந்தோணியாரின் குழந்தையோடு ஒரு பேருந்தில்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை. ஆரணியில் தெரு நீளத்துக்குக் கட்டியிருந்த பட்டுப் பாவுகளை வாய்பிளந்து பார்த்ததில் முதல் வண்டியை விட்டேன். அடுத்ததில் இடம் கிடைத்தது. சேத்துப்பட்டு இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய்.

பக்கத்தில் சேவூர் நெசவுக்கார அம்மாள். நெற்றியில் குங்குமம், மடியில் பட்டுத்துணிப் பொட்டலம்.

"இன்னாம்மா அது?" என்றார் கண்டக்டர்.

"கொழந்தப்பா."

"அப்ப அரை டிக்கெட்!" வண்டியே சிரித்தது.

துணி விலகியபோது தெரிந்துகொண்டேன்: அந்தோணியார் சுரூபத்தின் கையிலிருக்கும் குழந்தை இயேசு. தொலைந்ததை அவர் மீட்டுத் தரும்வரை குழந்தையை எடுத்து ஒளித்துவைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. சென்னையில் அம்மா அரிசிப் பானைக்குள் வைப்பாள்.

"பக்கத்து வூட்டு மேரி சொல்லுச்சு. மொதலாளிகிட்ட மேஸ்திரி நமக்காகப் பேசறாப்பல, சாமிகிட்ட இவரு பேசுவாராம். மேஸ்திரிய நெருக்குனாத்தான வேல நடக்கும்? அதான் கோவில்லேருந்து தூக்கிகினு போயிட்டேன். இப்ப திருப்பி வெக்கப் போறேன்."

"என்னங்க தொலைஞ்சது?"

"பையன். பதினேழு வயசு. தறியில ஒக்கார மாட்டேன்னு அப்பாகிட்ட சண்ட போட்டுகினு போயிட்டான்."

"குழந்தையைத் திருப்பித் தரப் போறீங்கன்னா, கிடைச்சுட்டானா! அந்தோணியார் செஞ்ச பெரிய புதுமைங்க!" நான் இருக்கையிலேயே குதித்தேன்.

அவர் துணியை மறுபடி சுற்றினார். "கெடச்சான். பெங்களூர் ஆஸ்பத்திரியில. உசிரு இல்ல. அவங்கப்பா சட்டையப் பாத்து அடையாளம் சொன்னாரு."

அதன்பின் நெல்வயல்கள் ஓடின. பயணக் குறிப்பேட்டில் எதையும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

எட்டே முக்கால். அவரோடு நானும் இறங்கி நடந்தேன். ஊருக்கு வெளியே சின்னக் கோவில். அம்மாள் வைத்த குழந்தை, அந்தோணியார் கையில் நிற்காமல் சரிந்தது. பட்டுத்துணியைக் கிழித்து, கைக்குழந்தையைத் தூளியில் கட்டுவதுபோல் கட்டினார்.

"ஏங்க திருப்பித் தர்றீங்க? பையன்தான்..."

"எங்க இருக்கான்னு காட்டுன்னு வேண்டினேன். காட்டிட்டாரு. பேச்சு மாறக் கூடாது. அவரும் எத்தினி நாளு வெறுங்கையோட நிப்பாரு?"

நான் முழந்தாளிட்டு, வழக்கம்போல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றேன். அம்மாள் என் தோளைத் தொட்டார்.

"அவங்கப்பா சோறு துன்றதில்ல, தம்பி. அவருக்காகக் கேளுங்க."

"நீங்களே கேளுங்கம்மா."

"வாணாம். நான் கேட்டா எதுனா ஒண்ண வுட்டுடுவேன். நீங்க படிச்சவரு, முழுசாக் கேளுங்க."

கேட்டேன். சோறு, தூக்கம், உயிர் என்று ஒவ்வொன்றாக, வாய்விட்டு. அவர் தலையாட்டிச் சரிபார்த்தார்.

பத்து மணி வண்டியில் ஆரணி திரும்பினோம். எங்கள் வீட்டில் இதுவரை தொலைந்தவை சாவியும் குடையும்தான். பக்கத்தில் அவர் கைகள் வெறும் மடியை இன்னும் அணைத்தபடியே இருந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் பிடி இறுகியது.